ஜப்பானியக் காலாட்படையின் துப்பாக்கி

ஒரு நாட்டின் வரலாற்றை ஆராய்வோர் கல்வெட்டு, செப்பேடு, நாணயம் முதலியவற்றைச் சான்றுகளாகக் கொள்வர். அவை பேசாப் பொருள்களாயினும், எழுத்தும் குறியும் பொறிக்கப்பெற்றமையால், தம்மை ஆக்கிய காலத்தையும் ஆட்சியையும் நமக்குத் தெரிவிக்கின்றன. அங்ஙனமே எழுத்தும் எண்ணும் முத்திரையும் தாங்கி, இலட்சக்கணக்கில் உலகெங்கும் சிதறிக் கிடக்கும் சான்று ஒன்று உண்டு. அஃது 1905ஆம் ஆண்டு முதல் 1945ஆம் ஆண்டு வரையில் ஜப்பானியக் காலாட்படை வீரர் தோளிற் சுமந்த துப்பாக்கியாகும். கொலைக் கருவியைப் பற்றி எழுதுதல் கல்லூரி மலருக்குத் தகுமோ என ஐயுறுவார் உளராயின், புறத்திணை நூல்களைப் பயில்வார்க்குப் படைக்கலங்களின் பெயர் புதியன அல்ல என்பதே எம் விடை.

இப்பொருளை யாம் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் ஒன்றுண்டு. ஜப்பானியர் துப்பாக்கி மலிவான இரும்பாற் செய்யப்பட்டது, சுடுவோன் முகத்திலேயே வெடிப்பது என்றொரு கூற்று, போர் முடிந்த நாளிலிருந்து பலராலும் சொல்லப்பட்டு வந்துளது. இக்கூற்றுப் பெரும்பாலும் பொய். ஆயினும் அது முழுதும் ஆதாரமின்றிப் பிறந்ததும் அன்று. பொய் எங்கே பிறந்தது, அதனுள் மறைந்து கிடக்கும் மெய் யாது என்பதை ஆராய்ந்தால், துப்பாக்கியை மட்டுமன்றி அதனைச் செய்தவரையும் சுமந்தவரையும் ஒருவாறு அறியலாம்.

வெடிமருந்துத் துப்பாக்கி ஜப்பானுக்கு 1543ஆம் ஆண்டில் வந்தது. தனெகாஷிமா என்னும் தென்தீவில் வந்திறங்கிய போர்த்துக்கீசியர் கொணர்ந்த திரித்துப்பாக்கிகளை, வாள் வடிப்பதில் வல்ல அந்நாட்டுக் கொல்லர் பார்த்துச் செய்தனர். அத்தீவின் பெயரே அக்கருவிக்கும் பெயராயிற்று. இடவாகுபெயர் தமிழுக்கே உரியதன்று போலும். ஆறாண்டு கழித்து, 1549இல், அத்தீவுக்கு அண்மையிலுள்ள ககோஷிமாவில் வந்திறங்கியவர் நம் முத்துக்குளித்துறைப் பரதவரிடையே முன்னர்த் தொண்டாற்றிய பிரான்சிஸ் சவேரியார். ஒரு கடல்வழியே துப்பாக்கி முன்னும் சுவிசேஷம் பின்னுமாகச் சென்றமை வருந்துதற்குரியதேயாயினும், வரலாறு அங்ஙனமே நிகழ்ந்தது.

பின்னர் இருநூறாண்டுகளுக்கு மேலாக ஜப்பான் தன் வாயிலைப் பெரும்பாலும் அடைத்துக்கொண்டிருந்தது. மீண்டும் திறந்தபொழுது மேனாட்டார் துப்பாக்கிகள் மிகத் திருந்தியிருந்தன. மெய்ஜி மன்னர் காலத்தில் படைக்குப் பற்பல நாட்டுத் துப்பாக்கிகளை விலைக்கு வாங்க நேர்ந்தது. ஒரு படைக்குள்ளே பலவகைத் துப்பாக்கி இருந்தால் ஒருவன் தோட்டா மற்றொருவனுக்கு உதவாது. இக்குறையை நீக்க முராட்டா சுனெயோஷி என்னும் படைத்தலைவர் 1880இல் தம் நாட்டிலேயே ஆக்கிய துப்பாக்கியை வழக்கிற்குக் கொணர்ந்தார். அதற்குப்பின் அரிசகா நரியகிரா என்பார் 1897இல் அமைத்ததே ‘முப்பதாம் வகை’. அரிசகா என்னும் பெயர் அவ்வழிவந்த துப்பாக்கிகளுக்கெல்லாம் பொதுப்பெயராக நிலைத்துவிட்டது.

ஈண்டு வகையெண்களைப் பற்றி ஒரு சொற் கூறுதல் வேண்டும். இன்றேல் வாசகர் மயங்குவர். ‘முப்பதாம் வகை’ என்பது முப்பதாவது துப்பாக்கி அன்று. மெய்ஜி ஆட்சியின் முப்பதாம் ஆண்டு, அதாவது 1897, என்பதே அதன் பொருள். அங்ஙனமே ‘முப்பத்தெட்டாம் வகை’ 1905ஐக் குறிக்கும். பின்னாளில் மன்னர் ஆட்சியாண்டை விடுத்து, கர்ணபரம்பரையில் முதல் மன்னராகச் சொல்லப்படும் ஜிம்மு முடிசூடிய கி.மு. 660 முதல் எண்ணத் தொடங்கினர். அக்கணக்கின்படி 1939ஆம் ஆண்டு 2599 ஆகும். அதன் ஈற்று எண்களைக் கொண்டதே ‘தொண்ணூற்றொன்பதாம் வகை’. இவ்விரண்டு வகைகளே, 38உம் 99உம், நம் கட்டுரைக்கு முதன்மையானவை.

முப்பதாம் வகையை ஏந்தியே ஜப்பானியர் 1904-1905இல் ருஷியரோடு மஞ்சூரியாவில் பொருதனர். துப்பாக்கி குறிதவறாது சுட்டதேனும், அந்நிலத்து நுண்புழுதி அதன் உள்ளுறுப்புக்களிற் புகுந்து இடர் விளைத்தது. இதனைக் களைந்தவர் நம்பு கிஜிரோ. அவர் செய்த திருத்தத்தை விளங்கிக்கொள்ளத் துப்பாக்கி இயங்கும் முறையைச் சிறிது அறிதல் வேண்டும்.

குழலின் பின்வாய் ஓர் எஃகுக் கூட்டினுள் திருகப்பட்டிருக்கும். அக்கூட்டினுள் முன்னும் பின்னுமாக ஓடும் உருளையே தாழ். நம் வீட்டுக் கதவின் நாதாங்கியில் தாழ்ப்பாள் நுழைவதை ஒப்ப, தாழை முன்னே தள்ளிக் கைப்பிடியைக் கீழே மடக்கினால், அதன் தலையிலுள்ள இரண்டு எஃகுக் காதுகள் கூட்டின் பள்ளங்களிற் சென்று மாட்டிக்கொள்ளும். அப்பொழுது தோட்டா வெடிப்பினும் தாழ் பின்னே வாராது. இம்முறை ஜெர்மானியராகிய மவுசரின் முறையைத் தழுவியதே. தாழின் நடுத்துளையில் அடியூசியும் சுருள்வில்லும் கிடக்கும். விசையை இழுத்தால் ஊசி பாய்ந்து தோட்டாவின் அடியிலுள்ள கேப்பை அடிக்கும். மருந்து பற்றிக் குண்டு பறக்கும். தாழைத் திறந்து பின்னே இழுத்தால் வெற்றுத் தோட்டா வெளியே வீழ்ந்து, அடியறையிலுள்ள ஐந்து தோட்டாக்களுள் அடுத்தது மேலெழும்.

நம்பு செய்தது எளிமையாக்கமே. தாழின் உறுப்புக்களைக் குறைத்து ஆறே ஆக்கினார். கருவி ஒன்றும் வேண்டாமல், இருட்டிலும், ஒரு சிப்பாய் அதனைக் கழற்றித் துடைத்து மீண்டும் பூட்டலாம். அடியூசியையே உட்டுளையுள்ளதாக்கி, அதனுள்ளே சுருள்வில்லை அடக்கினார். தாழின் பின்முனையில் காளான் குடை போன்ற ஒரு பெருங் குமிழை வைத்தார். அதனை உள்ளங்கையால் அழுத்திச் சிறிது திருகினால் துப்பாக்கி சுடாது. மீண்டும் அழுத்தித் திருப்பினால் சுடும். அக்குமிழுக்கு மற்றொரு பயனும் உண்டு. தோட்டாவின் அடி கிழிந்து அனல்வாயு பின்னே பாயுமாயின், அக்குமிழ் சுடுவோன் கண்ணைக் காக்கும். கூட்டின் மேலுள்ள துளை அவ்வாயுவை மேல்நோக்கிச் செலுத்தும். புழுதிக்கு மருந்தாகத் தாழின்மேல் ஒரு தகட்டு மூடியை அமைத்து, தாழோடு அதுவும் ஓடும்படி செய்தார். அஃது ஓடும்போது ஒலித்தமையால் போர்வீரர் பலர் அதனைக் கழற்றி எறிந்துவிட்டனர். அறிஞர் வகுத்ததைச் சிப்பாய் ஏற்பதும் மறுப்பதும் அவன் உயிரைப் பொறுத்ததன்றோ!

இரும்பினும் மரவேலை எமக்கு வியப்பாயிற்று. துப்பாக்கியின் அடிக்கட்டையை மேனாட்டார் ஒரே பலகையில் அறுப்பர். ஜப்பானியர் அடிக்கட்டையின் கீழ்ப்பகுதியைத் தனித்துண்டாக அறுத்து, தச்சர் பெட்டிகளின் மூலையிற் செய்வதுபோலக் கோத்து ஒட்டினர். இத்தகைய துப்பாக்கியை முதலிற் கண்ட அயல்நாட்டார் சிலர், உடைந்ததை ஒட்டிய பழுது என்றே கருதினர். உண்மை வேறு. அகன்ற பலகை வேண்டாமையால் மரம் மிச்சமாயிற்று. கைப்பிடி வளையுமிடத்தில் மரநார் ஓடும் திசையை மாற்றியமைத்தமையால் கட்டை பிளவாது நின்றது. அதன்மேல் உருஷி என்னும் மரத்துப் பாலாகிய அரக்கு மெருகைப் பூசினர். உணவுக் கலங்களுக்கும் கோயிற் பெட்டிகளுக்கும் அந்நாட்டார் பன்னூறாண்டு பூசிவந்த மெருகே அது. மழைநீரும் எளிதில் ஊறாது.

முப்பத்தெட்டாம் வகையின் குழல் விட்டம் 6.5 மில்லிமீட்டர். அக்காலத்துப் பிறநாட்டுத் தோட்டாக்களோடு ஒப்பிட இது சிறியது. ஆதலாற் பின்னுதை மிகக் குறைவு. துப்பாக்கியோ நெடியது: 4 அடி 2 அங்குலத்துக்குச் சற்று மேல், எடை ஏறத்தாழ 4 கிலோகிராம். பயனெட் என்னும் ஈட்டியை முனையிற் பூட்டினால் அஃது அந்நாளைய ஜப்பானியச் சிப்பாயின் உயரத்தையும் விஞ்சும். குறுகிய உடலினர்க்கு இத்துணை நீளம் ஏன் எனின், கைகலப்பில் எதிரியின் ஈட்டிக்குத் தம் ஈட்டி குறையலாகாது என்பதே கருத்து. நீண்ட குழலால் எதிர்பாராத நன்மை ஒன்றும் விளைந்தது: சிறிய தோட்டாவின் மருந்து முழுதும் குழலுக்குள்ளேயே எரிந்துவிட்டமையால், சுடும்பொழுது வாயிலிருந்து எழும் சுடர் மிகச் சிறிதாயிருந்தது. காட்டினுள் மறைந்து சுடுவோனைக் கண்டுபிடித்தல் எதிரிக்கு அரிதாயிற்று. இவ்வகையும் இதனைச் சார்ந்த குறுந்துப்பாக்கிகளும் ஏறத்தாழ 34 இலட்சம் செய்யப்பட்டன என்பர்.

1937இல் சீனாவோடு பெரும்போர் மூண்டது. 6.5 மில்லிமீட்டர்க் குண்டு நெடுந்தூரத்தில் வலிகுன்றுகிறது என்னும் முறையீடு வலுத்தது. பெருந்துப்பாக்கிகள் ஏற்கனவே 7.7 மில்லிமீட்டருக்கு மாறிவிட்டன. காலாட்படைத் துப்பாக்கியும் அதற்கே மாறுக என 1939இல் முடிவாயிற்று. எம் கருத்தில் ஜப்பானியப் படை செய்த பெருந்தவறுகளுள் இஃது ஒன்று. புதுத்துப்பாக்கி தீயது என்பதாலன்று; போரின் நடுவே மாறியமையால். பழைய தோட்டாவும் வேண்டும், புதிய தோட்டாவும் வேண்டும். அம்மட்டோ? 7.7 என்னும் ஒரு பெயரால் மூவகைத் தோட்டாக்கள் வழங்கின. படையின் 92ஆம் வகைப் பெருந்துப்பாக்கிக்கு உரியது ஒன்று. அடிவிளிம்பு சற்றே புடைத்தது. அது புதுத்துப்பாக்கியினுள் செல்லாது. 99ஆம் வகைக்கு உரியது மற்றொன்று. கடற்படையார் வழங்கியதோ ஆங்கிலேயரின் .303 தோட்டாவே, அது முன்னைய இரண்டிற்கும் பொருந்தாது. பலபொருள் ஒருசொல் செய்யுளுக்கு அணியாகலாம். கடல்கடந்த தீவில் தோட்டாப் பெட்டியைத் திறப்பவனுக்கு அதுவே கேடு.

இனி 99ஆம் வகையைக் காண்பாம். முதலில் நெடிய வடிவிலும் குறிய வடிவிலும் செய்தனர். விரைவில் நெடியதை விடுத்துக் குறியதையே எல்லோர்க்கும் பொதுவாக்கினர். அதன் நீளம் ஏறத்தாழ 112 சென்டிமீட்டர். எடை 4 கிலோகிராமுக்குச் சற்றுக் குறைவு. தாழின் அமைப்பு நம்பு வகுத்ததே. புதுமைகளுள் தலையாயது குழலின் உட்புறத்துக் குரோமியப் பூச்சு. அக்காலத்துக் கேப்பு மருந்தின் உப்பு குழலினுட் படிந்து, ஈரம் பட்டவுடன் துருவாகும். வெப்பநாட்டு மழையில் நாடோறும் துடைக்காத குழல் விரைவிற் பாழாகும். குரோமியமோ துருவேறாது. பெருந்தொகையாகச் செய்த காலாட்படைத் துப்பாக்கிகளுள் இதனை முதன்முதற் பெற்றது 99ஆம் வகையே என்பர். பிறநாட்டார் பின்னரே இதனைக் கைக்கொண்டனர்.

இப்புதுமைக்கு அருகே வேறு இரண்டு புதுமைகளை வைத்துப் பார்த்தல் நகைப்பைத் தருகின்றது. பின் குறிகாட்டியின் இருபுறத்தும் மடக்கி நீட்டத்தக்க சிறு கைகளை அமைத்தனர். பறக்கும் விமானம் குறுக்கே செல்லுமிடத்து, அதன் வேகத்துக்கேற்ப எவ்வளவு முன்தள்ளிக் குறிபார்க்க வேண்டும் என்பதை அவை காட்டும். ஒருவன் தனித்துச் சுட்டு விமானத்தை வீழ்த்துவான் என்பதன்று எண்ணம். ஒரு குழுவினர் ஒருங்கே சுட்டால் ஒரு குண்டேனும் படும் என்பது. காகிதத்தில் அழகிய கணக்கே. மற்றொன்று, குழலின் கீழே மடங்கி நிற்கும் ஒற்றைக் கம்பிக் கால். படுத்துச் சுடுவோனுக்குத் தாங்கலாக அமைத்த அது, உறுதியான தாங்கலுக்குப் போதாத மெல்லிய கம்பியே. 1939இல், இரும்பும் கைவேலையும் போதிய அளவில் உள்ளன என நம்பிய காலத்தில் எழுந்த எண்ணங்கள் இவை.

துப்பாக்கி செய்த சாலைகளைப் பற்றியும் கூறவேண்டும். டோக்கியோவின் கொயிஷிகாவாவிலிருந்த பழைய படைக்கலச் சாலை, 1923ஆம் ஆண்டுப் பெரும் பூகம்பத்துக்குப் பின்னர், தெற்கே கொகுரா என்னும் ஊருக்குக் கொண்டுசெல்லப்பட்டது. நகோயாவிலும் ஒன்று இருந்தது. கொரியாவில் ஜின்சென், மஞ்சூரியாவில் முக்டன் ஆகிய இடங்களிலும் சாலைகள் எழுந்தன. போர் பெருகவே தனியார் தொழிற்சாலைகளும் இப்பணியிற் புகுந்தன. ஹிரோஷிமாவையடுத்த டோயோ கோக்யோ, தக்கை செய்யும் கம்பெனியாகத் தோன்றி மூன்றுசக்கர வண்டி செய்துவந்தது. ஹோவா, நெசவுத்தறி செய்த தொழிற்சாலையின் வழிவந்தது. தறியும் வண்டியும் ஆக்கிய கைகள் துப்பாக்கிக் குழலைக் கடையலாயின.

எத்தனை சாலைகளாயினும் எண் மயங்கலாகாது. இதற்கு அவர்கள் கண்ட வழி தமிழ் பயில்வார் உள்ளத்தைக் கவரும். ஒவ்வொரு துப்பாக்கியின் எண்ணுக்கும் முன்னே ஒரு வட்டத்துள் ஓர் எழுத்தைப் பொறித்தனர். ஓரெழுத்தின்கீழ் ஏறத்தாழ ஓரிலட்சம் துப்பாக்கி வரை எண்ணி, பின் அடுத்த எழுத்துக்குச் சென்றனர். இன்ன எழுத்துக்கள் இன்ன சாலைக்கு எனப் பகுத்தும் அளித்தனர். எழுத்துக்களை எடுத்த முறை நம் அகரவரிசை போன்றதன்று. ‘இரோகா’ என்னும் பழம்பாடல் ஒன்று ஜப்பானியர்க்கு உண்டு. 47 எழுத்துக்களும் ஒவ்வொன்றும் ஒரேமுறை வருமாறு புனையப்பட்டது அது. சித்திரகவி பாடும் நம் புலவரும் மெச்சத்தக்க அருமை. அப்பாடல் வரிசையே அந்நாட்டிற் பொருள்களை எண்ணும் வரிசையாக நெடுங்காலம் வழங்கியது. பாடலின் பொருளோ பௌத்தர் உரைக்கும் நிலையாமை: மலர்ந்தது உதிரும், உலகில் நிலைப்பார் யாருமிலர் என்பது. துப்பாக்கிக் கூட்டின்மேல் அரசமுத்திரையாகப் பதினாறிதழ்ச் செவ்வந்தி; பக்கத்தில் நிலையாமைப் பாட்டின் ஓரெழுத்து. பொறித்த கம்மியன் இதனை எண்ணிப் பார்த்திருப்பானோ, அறியோம்.

1943ஆம் ஆண்டளவில் காற்றுத் திசைமாறிற்று. அமெரிக்க நீர்மூழ்கிகள் கப்பல்களை அழித்தன. 1944இன் இறுதியிலிருந்து ஜப்பானிய நகரங்கள்மீது குண்டுமழை பொழிந்தது. நாட்டில் இரும்பு குறைந்தது, கைதேர்ந்தார் குறைந்தனர், காலம் குறைந்தது. 99ஆம் வகைத் துப்பாக்கிகளை எழுத்துவரிசையில் நிரல்பட வைத்துப் பார்ப்பார்க்கு இவையெல்லாம் கண்கூடாகும். முதலில் மறைந்தன விமானக் குறிக்கைகளும் கம்பிக் காலும். அவை போனதில் இழப்பொன்றுமில்லை. பின் புழுதிமூடி போயிற்று. தொலைவுக்கேற்ப உயர்த்தத்தக்க குறிகாட்டி போய், அசையாத ஒரு துளைத்தகடு வந்தது. பூச்செதுக்கினாற் போன்ற கோடுகளுடைய குமிழ், கரடான வெற்றுக் குமிழாயிற்று. அடிக்கட்டையின் எஃகுத் தகட்டுக்குப் பதிலாக ஒரு பலகைத் துண்டை ஆணியால் அறைந்தனர். குழல்மேல் மூடிய மரக்காப்புக் குறுகியது. தோல்வாருக்கு மாறாக இரப்பர் தோய்ந்த கித்தான் வார் வந்தது. பயனெட் உறையை மரத்தாலும் மூங்கிலாலும் செய்தனர். இறுதியிற் குரோமியப் பூச்சும் போயிற்று. அரம் ராவிய தழும்பும் கடைசல் உளியின் வடுவும் அப்படியே நிற்க, துப்பாக்கி சாலையைவிட்டுப் புறப்பட்டது.

ஆயினும் போகாதது ஒன்றுண்டு என்பதே நாம் கருதவேண்டுவது. தாழின் எஃகுக் காதுகளையும் அவை மாட்டும் கூட்டையும் பெரும்பாலும் இறுதிவரை நல்லெஃகில் ஆக்கி, முறைப்படி சூடேற்றிப் பதப்படுத்தியே அனுப்பினர். உயிரைக் காப்பது எது, கண்ணைக் கவர்வது எது என்பதைப் பகுத்தறிந்தே கழித்திருக்கின்றனர். புறத்தோற்றத்தைக் கண்டு இகழ்ந்தோர் இதனை அறிந்திலர். போருக்குப் பின் ஆக்லி என்னும் அமெரிக்கத் துப்பாக்கிக் கம்மியர் பலநாட்டுத் துப்பாக்கிகளில் மருந்தை மேன்மேலும் கூட்டி, எது முதலில் உடைகிறது எனச் சோதித்தார். புகழ்பெற்ற மவுசர், ஸ்பிரிங்பீல்டு முதலியவற்றிலும் அரிசகாவே மிகுதியாகத் தாங்கி நின்றது.

அங்ஙனமாயின் ‘முகத்தில் வெடிக்கும்’ என்னும் கூற்று எங்கிருந்து எழுந்தது? அதன் பிறப்பிடம் போர்க்களமன்று, பள்ளிக்கூடம். 1925 முதல் ஜப்பானிய நடுத்தரப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் படையதிகாரிகள் அமர்த்தப்பட்டு மாணவர்க்குப் படைப்பயிற்சி அளிக்கப்பட்டது. அப்பயிற்சிக்கெனத் தனியார் செய்த துப்பாக்கிகள் அரிசகாவைப் போன்ற தோற்றமே உடையன. ஆனால் கூடு வார்ப்பிரும்பு, குழலினுள் புரியில்லை, குண்டில்லா வெற்றுத் தோட்டாவை வெடித்து ஓசையெழுப்புதற்கே ஏற்றவை. வார்ப்பிரும்பு அடுப்புக்கும் பாத்திரத்துக்கும் உதவும். திடீரெனத் தாக்கும் விசைக்கு முன் கண்ணாடிபோல் நொறுங்கும். போருக்குப் பின் இவற்றை நினைவுப் பொருளாகக் கொண்டு சென்ற அமெரிக்கச் சிப்பாய்கள், வேற்றுமை அறியாது உண்மைத் தோட்டாவை இட்டுச் சுட்டனர். வெடித்தது பள்ளித் துப்பாக்கி, பழியேற்றதோ படைத்துப்பாக்கி. இவற்றோடு, இறுதிநாளில் கடற்படையினர்க்கென வார்ப்பிரும்புக் கூட்டுடன் செய்யப்பட்ட சிலவும் சேர்ந்து குழப்பத்தை மிகுத்தன. இவற்றிலோ தாழின் காதுகள் குழலோடிணைந்த எஃகுப் பகுதியில் நேரே மாட்டும்படி அமைந்தமையால் கூட்டுக்குச் சுமை இல்லை. தோற்றத்தை மட்டும் கொண்டு இவற்றைப் பிரித்தறிதல் எளிதன்று.

பள்ளித் துப்பாக்கியைப் பற்றிப் பேசியபின் அதனைத் தோளிற் சார்த்தி நின்ற மாணவரைப் பற்றிப் பேசாது விடல் இயலவில்லை. கல்லூரி மாணவர்க்குப் படைச்சேவையிலிருந்து இருந்த தவணையை 1943இன் இலையுதிர் காலத்தில் அரசாங்கத்தார் நீக்கினர். அதிலும் ஒரு வேறுபாடு வைத்தனர். விஞ்ஞானமும் பொறியியலும் பயில்வோர் போருக்குப் பயன்படுவர். ஆதலால் அவர்க்குத் தவணை தொடர்ந்தது. இலக்கியமும் சட்டமும் தத்துவமும் பயில்வோரே அழைக்கப்பட்டனர். அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள், டோக்கியோவின் மெய்ஜி கோயிற் புறவெளி அரங்கில், கொட்டும் மழையில், கல்லூரிச் சீருடையும் தொப்பியும் அணிந்து, துப்பாக்கி தாங்கிய பல்லாயிரம் மாணவர் அணிவகுத்துச் சென்றனர். ஆட்சேர்க்கை வயதும் இருபதிலிருந்து பத்தொன்பதாகக் குறைக்கப்பட்டது. எம் வகுப்பினர் ஒத்த வயதும் ஒத்த கல்வியும் உடையராதலின், அப்படத்தைப் பார்க்குந்தோறும் அவ்வரிசையில் முகங்களைத் தேடுகின்றோம்.

எஞ்சிய மாணவரும் வாளாவிருந்திலர். 1944இல் பள்ளிச் சிறுவரும் சிறுமியரும் கட்டளைப்படி தொழிற்சாலைகளுக்குச் சென்றனர். கைதேர்ந்த கம்மியர் களத்துக்குப் போய்விட, புத்தகப் பையை வைத்துவிட்டு வந்த பிள்ளைகள் படைக்கலச் சாலைகளிலும் வேலைசெய்தனர். அந்நாளைய துப்பாக்கியிற் காணும் உளித்தழும்புகளை இகழ்வோர் இதனையும் எண்ணல் வேண்டும். 1945 ஜூனில் 15 வயது முதல் 60 வரையுள்ள ஆடவரும், 17 முதல் 40 வரையுள்ள பெண்டிரும் நாட்டுக் காவற்படைக்குரியர் எனச் சட்டம் பிறந்தது. அவர்க்குக் கொடுக்கத் துப்பாக்கி ஏது? மூங்கில் ஈட்டி கொண்டு பயின்றனர்.

கொகுராப் படைக்கலச் சாலைக்கு நேர்ந்ததும் நேராததும் கேட்டற்குரியன. 1945 ஆகஸ்டு 9ஆம் நாள் இரண்டாம் அணுகுண்டைத் தாங்கிவந்த விமானத்துக்கு முதற்குறி அச்சாலையே. காலையில் மேகமும் புகையும் ஊரை மூடியிருந்தமையால், மும்முறை வட்டமிட்டும் குறி தென்படவில்லை. விமானம் நாகசாகிக்குத் திரும்பிற்று. குண்டு வீழ்ந்தது உரக்காமி என்னும் பள்ளத்தாக்கின்மேல். இருநூறாண்டுக்கு மேலாகக் குருவும் கோயிலுமின்றி மறைவிலே செபங்களைக் காத்து, 1865இல் வெளிப்பட்ட கிறிஸ்தவர்களின் ஊர் அது. அவர்கள் தம் கையாற் கல்சுமந்து எழுப்பிய பேராலயம் குண்டு வெடித்த இடத்திற்கு அரைமைல் தூரத்துக்குள் நின்றது. பாவசங்கீர்த்தனத்துக்குக் காத்திருந்தாரோடு அது வீழ்ந்தது. துப்பாக்கி செய்த கொகுரா பிழைத்தது. முந்தி ஆறாம் நாள் ஹிரோஷிமா எரிந்தபொழுது, நகரின் கிழக்கே குன்றுக்கப்பாலிருந்த டோயோ கோக்யோவும் பெரும்பாலும் பிழைத்தது. அரசாங்க அலுவலகம் அழிந்துபோகவே, அம்மாகாண ஆட்சி சிலகாலம் அத்தொழிற்சாலைக் கட்டடத்திலிருந்து நடைபெற்றது.

சரணடைந்தபின் சாலைகளிலும் கிடங்குகளிலும் இருந்த துப்பாக்கிகள் குவியல் குவியலாக ஒப்படைக்கப்பட்டன. பெரும்பகுதி அழிக்கப்பட்டது, கடலிலும் கொட்டப்பட்டது. பல, வெற்றிபெற்ற சிப்பாய்களுடன் கப்பலேறின. டோயோ கோக்யோ மீண்டும் வண்டி செய்யத் தொடங்கிற்று. மாஸ்டா மோட்டார் வண்டிகள் அதனுடையவே. 99ஆம் வகையைச் செய்த மற்றொரு கம்பெனியாகிய டோக்கியோ ஜூகி 1947இல் வீட்டுத் தையல் இயந்திரம் செய்யலாயிற்று. ஜூகி என்னும் பெயரைத் தையற்கடைகளில் வாசகர் கண்டிருப்பர்.

ஒப்படைத்த துப்பாக்கிகளிற் செவ்வந்தி முத்திரையை அரைத்து நீக்கிவிட்டனர். அம்மலர் மன்னர்க்கு உரியதாதலின், மாற்றார் கையில் அது செல்லலாகாது என்பது கருத்து. களத்தில் வீழ்ந்தவன் கையிலிருந்து எடுத்தவற்றில் பெரும்பாலும் மலர் முழுதாக உள்ளது. மற்றவற்றில், பதினாறிதழ் இருந்த இடத்தில் அரத்தின் கோடுகள் தெரியும். அவற்றின் கீழே ‘தொண்ணூற்றொன்பதாம் வகை’ என்னும் மூன்றெழுத்துக்கள் மட்டும் தேயாமல் நிற்கின்றன.